சித்தப்பாவின் மஞ்சள் விமானமும் இரண்டாவது பேட்டரியும்



என் ரஃப் நோட்டில் ஒட்டியிருந்த விமானப் படத்தைப் பார்த்ததிலிருந்து பாதி வகுப்பு என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு ஆச்சு? எவ்வளவு உயரம் போகும்? அது ட்ரோனா? தமிழ் அம்மா பார்த்துவிட்டு, "ஒவ்வொருத்தருக்கா வாயால சொல்லிக் களைச்சுப் போறதுக்கு எழுதிக் கொடுத்துடேன்" என்றார்கள். ரெண்டு சார்ட் பேப்பர் முழுவதும் எனக்கே என்றும் சொல்லிவிட்டார்கள். அதனால் கையெழுத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சித்தப்பா கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பகலில் பம்ப் ஷாஃப்ட் கடைவார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதே பட்டறையில் விமானம் செய்வார். பத்து வருஷமாகச் சின்னச் சின்னத் தெர்மாகோல் விமானங்களை ஓட்டிப் பழகியவர். அதில் சிலவற்றை நானும் மரத்தில் மாட்டியிருக்கிறேன். ஆனால் பெரிய விமானம் ஒன்று செய்ய வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. அவர் எடுத்துக்கொண்டது பைப்பர் ஜே-3 கப். 1938 முதல் 1947 வரை அமெரிக்காவில் கட்டிய, மஞ்சள் நிறத்தில் கறுப்பு மின்னல் கோடு போட்ட சின்ன விமானம். அசலில் இறக்கையின் நீளம் 35 அடி 3 அங்குலம், என்ஜின் 65 குதிரைசக்தி. அதை நாலில் ஒரு பங்காகக் குறைத்தால் இறக்கை 2 மீட்டர் 69 சென்டிமீட்டர் வரும். நம் வகுப்பறைக் கதவு வழியாக நேராக எடுத்துப் போக முடியாது.

இதில் ஒரு கணக்கை எல்லாரும் தப்பாகப் போடுவோம். நானும் போட்டேன். நீளம் நாலில் ஒன்று என்றால் இறக்கைப் பரப்பு நாலில் ஒன்று ஆகாது, பதினாறில் ஒன்றாகிவிடும். அசலில் 178 சதுர அடி சொச்சம், எங்களுக்கு 11 சதுர அடி. அந்தப் பதினொரு சதுர அடிதான் மொத்த எடையையும் தூக்க வேண்டும். சித்தப்பா 9 கிலோ என்று குறி வைத்தார். கடைசியில் 9 கிலோ 600 கிராம் வந்தது. வீட்டுக் கேஸ் அடுப்பு மாதிரி ஒரு பொருள் தலைக்கு மேலே பறக்கப்போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயம் சித்தப்பாவுக்கு எப்பவும் இருந்தது. எனக்குப் பிற்பாடுதான் வந்தது.

முதல் சண்டை என்ஜினுக்கு.

நான் எலக்ட்ரிக் கட்சி. சத்தம் கிடையாது, எண்ணெய் வழியாது, சுவிட்சைப் போட்டால் சுற்றும். பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்த மாதிரி சாந்தமாகப் பறக்கிற விமானத்துக்குக் கிலோவுக்கு 150 வாட்டுக்கு மேல் இருந்தால் நல்லது என்பார்கள். ஒன்பதரைக் கிலோவுக்குச் சுமார் 1,500 வாட். ஆறு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 22.2 வோல்ட். 1,500-ஐ 22.2-ஆல் வகுத்தால் 67 ஆம்பியர். வீட்டு மெயின் ஃப்யூஸே அவ்வளவு தாங்காது! பறக்கும்போது பாதி ஆம்பியர்தான் இழுக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்பது நிமிஷத்தில் காலி. அப்படி மூணு பேட்டரி, மோட்டார், அதற்கு ஒரு கன்ட்ரோலர் என்று கூட்டியபோது முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. நானே பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

விமானத்துக்கென்றே செய்த 35 சிசி பெட்ரோல் என்ஜின் இருக்கிறது. ஒரு கிலோதான் இருக்கும், எலக்ட்ரானிக் இக்னிஷன். அதுவும் முப்பதாயிரத்துப் பக்கம் சொன்னார்கள். சித்தப்பா ஒண்ணும் பேசவில்லை. ரெண்டு நாள் கழித்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு புல்வெட்டும் மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். 43 சிசி, டூ ஸ்ட்ரோக். விலை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். "இதுதான் கண்ணு நம்ம என்ஜினு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். புல்வெட்டும் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு எப்படி எப்படியெல்லாமோ சாய்த்து வெட்டுகிறார்கள், என்ஜின் நிற்கிறதா? பைக் கார்புரேட்டரில் மிதவை இருக்கும், தலைகீழானால் பெட்ரோல் போகாது. இதில் மிதவைக்குப் பதில் ஒரு சவ்வு இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் பெட்ரோலை உறிஞ்சிக் கொடுக்கும். ஒரு விமானத்துக்கு வேண்டியதும் அதுவேதான். அப்புறம் இதில் தீப்பொறிக்குத் தனி பேட்டரி வேண்டாம். சக்கரத்தில் உள்ள காந்தம் சுற்றும்போது காயிலில் தானாகவே மின்சாரம் உண்டாகிறது. (பிசிக்ஸ் சார் நடத்திய மின்காந்தத் தூண்டல்தான். பரீட்சைக்கு வரும்.)

குறை என்னவென்றால் எடை. அந்தக் காந்தச் சக்கரம் கனம். கிளட்ச், கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர், மேல்மூடி எல்லாவற்றையும் கழற்றி, சக்கரத்தில் காற்று வீசும் இதழ்களை லேத்தில் கடைந்து எடுத்த பிறகும் எங்கள் தராசில் 2 கிலோ 300 கிராம் காட்டியது. வாங்குகிற என்ஜினைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல். நான், "பாத்தீங்களா" என்றேன். அதற்கு அவர், கப் விமானத்தின் படத்தை எடுத்து மூக்கைக் காட்டினார். மூக்கு குட்டை, வால் நீளம். எடைமையம் சரியான இடத்தில் விழ வேண்டுமென்றால் மூக்கில் எப்படியும் ஈயக் கட்டி வைக்கத்தான் வேண்டும். "ஈயம் வெச்சா சும்மா ஒக்காந்திருக்கும். இது ஒக்காந்துட்டு வேலையும் செய்யும்" என்றார். கடைசியில் எங்கள் விமானத்தில் ஒரு கிராம் ஈயம்கூட வைக்கவில்லை.

புரொப்பல்லருக்கு ஹப் மட்டும் அவர் மூணு தடவை கடைந்தார். முதல் ரெண்டும் என் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தன. டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டார். 20 அங்குல மர புரொப்பல்லர், 8 அங்குல பிட்ச். ஒரு சுற்றுக்கு 8 அங்குலம் முன்னே போகப் பார்க்கும் என்று அர்த்தம். நிமிஷத்துக்கு 6,500 சுற்று என்றால் அதன் நுனி வினாடிக்கு 173 மீட்டர் வேகத்தில் ஓடும். ஒலியின் வேகத்தில் பாதி. அது சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது, அதுதான் ஆபத்து. அதனால் விமானத்தின் வாலை முளைக்குச்சியில் கட்டாமல் ஸ்டார்ட் செய்வதே கிடையாது. அதன் பக்கவாட்டில் யாரையும் நிற்க விடுவதும் கிடையாது. வாலுக்கும் குச்சிக்கும் நடுவில் மூட்டை நிறுக்கும் வில் தராசை மாட்டி முழு வேகம் வைத்தோம். 8 கிலோ 200 கிராம் இழுவிசை. சித்தப்பா முகத்தில் அன்றைக்குத்தான் பல்லைப் பார்த்தேன்.

பெட்ரோலில் லிட்டருக்கு 25 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். அதாவது நாற்பதுக்கு ஒன்று. இன்னொரு சின்ன விஷயம், நான் செய்த முட்டாள்தனம். டேங்க்குக்குப் பார்க்க அழகாக இருக்கிறதென்று சிலிக்கான் குழாய் மாட்டினேன். சிலிக்கான் பெட்ரோலில் ஊறிப் பெருத்துவிடும். ஒரே வாரத்தில் மண்புழு மாதிரி ஆகிக் கழன்று விழுந்தது. பெட்ரோலுக்கென்றே உள்ள மஞ்சள் குழாய் தனி. பட்டறைத் தரையிலேயே கழன்றதே என்று சந்தோஷப்படுங்கள் என்று அவரிடம் சொன்னேன், முறைத்தார்.

ரெண்டாவது சண்டை சர்வோவுக்கு. இதில்தான் நான் நன்றாகத் தோற்றேன்.

சர்வோ என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: உள்ளே சின்ன மோட்டார், பல்சக்கரங்கள், தான் எந்தக் கோணத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஒரு பொட்டன்ஷியோமீட்டர். நாம் கீழே குச்சியை அசைத்தால் மேலே அது அதே அளவு திரும்பும். இறக்கையிலும் வாலிலும் உள்ள தட்டுகளை அசைப்பது அதுதான். நம் லேபில் ரோபோ கை செய்தோமே, நீலக் கலரில் ஒன்பது கிராம் சர்வோ, அதன் பெரிய அண்ணன்.

அதன் பலத்தைக் கிலோ-சென்டிமீட்டரில் சொல்வார்கள். பத்து என்றால் ஒரு சென்டிமீட்டர் கையில் பத்துக் கிலோ தூக்கும். ரெண்டு சென்டிமீட்டர் கை என்றால் ஐந்து கிலோதான். நெம்புகோல் கணக்கு. சாதாரண சர்வோ மூணு சொச்சம். எங்கள் வாலில் உள்ள மேலே கீழே ஆட்டும் தட்டு, எலிவேட்டர், முழு நீளம் 85 சென்டிமீட்டர், அகலம் 9. மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் அதை 25 டிகிரி திருப்ப எவ்வளவு வேண்டுமென்று மாடல் விமானக்காரர்கள் போடும் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தோம். ஆறரை வந்தது. மூணு எங்கே, ஆறரை எங்கே! அதிலும் வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். விமானம் மூக்கைக் குத்திக் கீழே பாயும்போதுதான் வேகம் ஏறும், அப்போதுதான் எலிவேட்டரும் அதிகம் வேண்டும். அதனால் ஆறரை வேண்டிய இடத்தில் பத்து போடணும் என்றார் சித்தப்பா. அதுவும் ஒரே சர்வோவாகப் போடாமல், பாதி பாதித் தட்டுக்குத் தனித்தனியாக ரெண்டு. ஒன்று செத்தால் இன்னொன்று இறக்கிவிடும்.

நான் ஒரு கடையில் முந்நூற்று ஐம்பது ரூபாய்க்குச் சர்வோ பார்த்து வைத்திருந்தேன். உலோகப் பல்சக்கரம், மேலே பத்துக் கிலோ என்று போட்டிருந்தது. (கடை பெயர் வேண்டாம்.) நல்லது ஒன்று இரண்டாயிரத்து எண்ணூறு. ரெண்டிலும் பத்துதான் எழுதியிருக்கிறது, அப்புறம் எதுக்குங்க சித்தப்பா எட்டு மடங்கு காசு கொடுக்கணும் என்று வாதாடினேன். அவர், "வாங்கிட்டு வா, பாத்துரலாம்" என்றார்.

வாங்கிவந்தோம், ரெண்டிலும் ஒன்று. சர்வோவை வைஸில் கடித்துவிட்டு, ரெண்டு சென்டிமீட்டர் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கட்டினோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நான் சொம்பால் ஊற்றிக்கொண்டே போக, அவர் குச்சியை ஆட்டினார். நல்லது ஐந்து லிட்டரையும் தூக்கிவிட்டு இன்னும் ஊற்று என்பது மாதிரி நின்றது. என்னுடையது ரெண்டே முக்கால் லிட்டரில் 'ஙீ' என்று அழுதுகொண்டு நின்றுவிட்டது. அதாவது ஐந்தரை கிலோ-சென்டிமீட்டர். எழுதியிருந்ததில் பாதி சொச்சம். அது போகட்டும். வாளியை எடுத்த பிறகு நடுவுக்கு வரச் சொன்னால், இடமிருந்து வரும்போது ஒரு இடத்திலும் வலமிருந்து வரும்போது இன்னொரு இடத்திலும் நின்றது. பென்சிலால் குறித்துப் பார்த்தோம், மூணு டிகிரி வித்தியாசம். விமானம் நேராகவே போகாது, ஓட்டுகிறவர் கடைசிவரை திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பல்சக்கரத்தில் ஆட்டம் இருந்தால் தட்டு காற்றில் படபடவென்று அடித்துப் பிய்ந்தும் போகலாம். ஒற்றை சிலிண்டர் என்ஜினின் அதிர்வு வேறு.

இறக்கைக்கு ரெண்டு, எலிவேட்டருக்கு ரெண்டு, திசைத் தட்டுக்கு ஒன்று. ஐந்தும் நல்லதாக வாங்கினோம், பதினாலாயிரம். என்னுடைய மலிவு சர்வோ என்ன ஆச்சு என்றால், என்ஜினை நிறுத்தும் பட்டனை அமுக்குகிற வேலையில் இருக்கிறது. காயிலை உடம்போடு ஷார்ட் செய்தால் தீப்பொறி நின்று என்ஜின் அணைந்துவிடும். அதற்கு அரைக் கிலோ பலம் போதும்.

மூணாவது சண்டை பேட்டரி. இதைச் சண்டை என்று சொல்ல முடியாது, நான் முணுமுணுத்தேன், அவ்வளவுதான்.

பறக்க வைப்பது பெட்ரோல் என்றாலும் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் பேட்டரிதான் உயிர். பென்லைட் சைஸ் நிக்கல் செல் நாலு போட்ட பழைய பேக் ஒன்று இருந்தது, 4.8 வோல்ட். மீட்டர் வைத்தால் ஐந்துக்கு மேல் காட்டியது. சித்தப்பா அதில் ஒரு பைக் ஹெட்லைட் பல்பை மாட்டினார். பல்ப் மங்கலாக எரியும்போது மீட்டர் 3.9-க்கு இறங்கிவிட்டது. ஐந்து சர்வோவும் ஒரே நேரத்தில் அசைந்தால் இப்படித்தான் இழுக்கும். இன்னும் கொஞ்சம் இறங்கி 3.5 பக்கம் போனால் ரிசீவரே அணைந்து மறுபடி உயிர் பெறும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிற மாதிரி. அந்த ரெண்டு மூணு வினாடி விமானத்துக்கு ஓட்டுநரே கிடையாது.

லித்தியம் பாலிமர் முழுதாக ஏறினால் ரெண்டு செல் 8.4 வோல்ட். எங்கள் சர்வோ 6 வோல்ட்காரர்கள். இடையில் ரெகுலேட்டர் வைக்கணும், அது கெட்டுப்போனாலும் எல்லாம் போச்சு. அடிபட்டால் தீப்பிடிக்கும் பயமும் உண்டு. அதனால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் எடுத்தார். ரெண்டு செல் 6.6 வோல்ட், 2,100 மில்லி ஆம்பியர்-மணி. அதே மாதிரி ரெண்டு பேக். பெயர் ஏ, பி. தனித்தனி சுவிட்ச். ஒவ்வொன்றிலும் ஒரு டயோடு, ஒன்று காலியானால் இன்னொன்றின் கரண்ட் அதற்குள் ஓடிவிடாதபடி. டயோடு 0.4 வோல்ட்டைத் தின்றுவிட்டு 6.2 கொடுக்கும், சர்வோவுக்கு அதுவும் தோதாகப் போச்சு.

ஒரு பேக் ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஒரு நாள் பறந்தாலே ஒன்றில் கால்வாசிகூட செலவாகாது, எதுக்கு ரெண்டு என்று முணுமுணுத்தது நான்தான். அந்தக் காசுக்கு எனக்கு ஷூ வந்திருக்கும்.

இந்த பாஸ்பேட் பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. முழுதாக இருந்தாலும் 6.6, பாதி இருந்தாலும் 6.6, இன்னும் கொஞ்சநேரத்தில் சாகப்போகிறது என்றாலும் ஆறரை காட்டும். கடைசியில் மலையிலிருந்து விழுகிற மாதிரி விழும். ஆகவே சும்மா மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சார்ஜர் எத்தனை மில்லி ஆம்பியர்-மணி உள்ளே ஏற்றியது என்று எழுதி வைக்கணும், பல்பை மாட்டி அளக்கணும். அதற்காகச் சித்தப்பா ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டுக் கொடுத்தார். தேதி, பேக், எவ்வளவு ஏறியது, பல்ப் இல்லாமல், பல்போடு. அந்த நோட்டு என் பொறுப்பு.

கோவையில் விமான நிலையமும் பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளமும் இருப்பதால் எங்கள் பக்கம் பறக்கவிட வழியில்லை. 2021-இல் வந்த ட்ரோன் விதிகள் இந்த மாதிரி விமானத்துக்கும் பொருந்தும். வான்வெளி வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை. அந்த விஷயமெல்லாம் சித்தப்பா பார்த்துக்கொண்டார். தாராபுரம் பக்கம் அப்பத்தா பிறந்த ஊர். அங்கே சோளத்தட்டு அறுத்துப் போட்ட காடு ஒன்று, சுற்றிலும் வெட்டவெளி. ஆடியில் அந்தப் பக்கம் நிற்கவே முடியாது, காத்து ஆளைத் தள்ளும். மாசி மாதக் காலையில் எட்டரை மணி வரை இலை அசையாது.

சனிக்கிழமை ராத்திரியே ஊருக்குப் போய்விட்டோம். அத்தை பசங்க நாலு பேர் வந்திருந்தார்கள். சர்வோ வாளி தூக்குகிற வித்தையைக் காட்டச் சொன்னார்கள். பி பேக்கை மாட்டிக் காட்டினேன். ஏற்கெனவே அந்த வாரம் முழுக்க அதை வைத்துத்தான் இறக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். காட்டிக் காட்டிப் பதினோரு மணி ஆகிவிட்டது. ஏ பேக்கைச் சார்ஜில் போட்டேன். பி-யைக் காலையில் எழுந்து போட்டுக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். சித்தப்பா ஐந்து மணிக்கு எழுப்பியபோது பேக்கை நேராக விமானத்தில் மாட்டிவிட்டேன். மீட்டர் வைத்தேன். ஏ 6.65. பி 6.5. நோட்டில் ஏ-க்கு 380 என்று எழுதியிருந்தேன், உண்மையாக ஏறியது. பி-க்கு 420 என்று எழுதினேன். பல்போடு அளக்கும் கட்டத்தில் ஏ-யை அளந்து 6.3 எழுதினேன். சித்தப்பா, "காத்து கிளம்பறதுக்குள்ள எடுக்கணும் கண்ணு, ஆச்சா?" என்று சத்தம் போட்டார். பி-க்கும் 6.3 என்று எழுதிவிட்டு, "ஆச்சுங்க சித்தப்பா" என்றேன்.

முப்பது தப்படி தள்ளி நின்று ரேடியோ எட்டுகிறதா என்று பார்த்தோம். ரிமோட்டை அணைத்தால் என்ஜின் தானாக வேகம் குறைகிறதா என்று பார்த்தோம். எல்லாம் சரி. அப்பத்தா வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். பசங்க நாலு பேரும் வரப்பு மேலே.

மணி ஏழு இருக்கும். விமானம் முப்பது மீட்டர்கூட ஓடவில்லை, வால் எழும்பியது, கிளம்பிவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று எழுத வரவில்லை. மஞ்சள் இறக்கையில் வெயில் பட்டது, புல்வெட்டும் மிஷின் சத்தம் மேலே போய்க்கொண்டே இருந்தது. சித்தப்பா வாயைத் திறக்கவே இல்லை, கழுத்து மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது. அப்பத்தா எழுந்து நின்று கையைத் தட்டினார். பத்துப் பத்து நிமிஷமாக மூணு தடவை பறந்தது. மூணு தடவையும் அழகாக இறங்கியது. கடைசி இறக்கத்தில் மட்டும் ஒரு கல்லில் ஏறி வால் சக்கரத்தின் ஸ்பிரிங் வளைந்துவிட்டது. வேறொன்றும் இல்லை. அப்பத்தா வீட்டில் அன்றைக்குக் கோழிக்குழம்பு.

இத்தோடு கட்டுரையை முடித்திருக்கலாம். படத்தைப் பார்த்த எல்லாருக்கும் இவ்வளவுதான் சொல்லியிருந்தேன்.

ராத்திரி பட்டறைக்குத் திரும்பி வந்து ரெண்டு பேக்கையும் சார்ஜில் போட்டேன். ஏ 410-இல் நின்றுவிட்டது. பி ஏறிக்கொண்டே இருந்தது. ஐந்நூறு. எண்ணூறு. ஆயிரத்து இருநூறு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2,010-இல் வந்து நின்றது. மொத்தமே 2,100 தான். அப்படியென்றால் மேலே போன கொஞ்ச நேரத்திலேயே பி செத்திருக்கிறது. மிச்ச நேரமெல்லாம் விமானம் ஏ ஒன்றில்தான் பறந்திருக்கிறது. எந்த நிமிஷத்தில் செத்திருக்கும்? முதல் தடவை வேப்பமரத்துக்கு மேலே திரும்பியதே, அப்போதா? வரப்புப் பக்கம் தாழ்வாக வந்தபோது பசங்க கையைத் தூக்கிக் கத்தினார்களே, அப்போதா? டயோடு சத்தமில்லாமல் மாற்றிவிட்டிருக்கிறது. கீழே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நான் கேட்டபடி ஒரே பேட்டரி போட்டிருந்து, அது இந்த பி-யாக இருந்திருந்தால்? இதை நான் அன்றைக்கு ராத்திரி மட்டும் நினைத்ததாக நினைக்காதீர்கள்.

சார்ஜர் திரையைத் துடைத்துவிட்டு நோட்டில் 430 என்று எழுதியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. பேனாவையும் எடுத்துவிட்டேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அதற்குள் சித்தப்பா தேய்க்கிற துணியோடு பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்தார்.

"இது பி தானே கண்ணு?"

"ஆமாங்க சித்தப்பா."

நோட்டை எடுத்துப் பின்னால் புரட்டினார். "அப்ப இந்த நானூத்தி இருவது எங்கிருந்து வந்துச்சு?"

சொன்னேன். வாளி, பசங்க, தூக்கம், பல்ப் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விமானத்தில் வழிந்திருந்த ஆயிலை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே, "லேத்துல அளவு தப்பா வந்தா தப்புன்னு எழுதி வெச்சா ஜாப்பு இங்கயே கெடக்கும். சரின்னு எழுதிட்டா வேற எங்கயோ போயி ஒடையும்" என்றார். கொஞ்சம் கழித்து, "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

ரெண்டு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பேட்டரி பக்கம் விடவில்லை. வால் சக்கரத்து ஸ்பிரிங் கம்பியை வளைக்கச் சொன்னார், மணல் காகிதம் தேய்க்கச் சொன்னார். மூணாவது ஞாயிறு அவரே, "வந்து பல்பைப் புடி" என்று கூப்பிட்டார். நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தார். இப்போது பல்போடு அளந்ததற்கு ரெண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று என்னுடையது, இன்னொன்று அப்போது யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களுடையது. போன தடவை அப்பத்தா போட்டார். பல்ப் எரிவதை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எரியுது, ஆனா அந்தப் பொட்டியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார்.

அந்த மாசி மாதப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. 420-ஐ அடித்துவிட்டு மேலே 'போடவில்லை' என்று சிவப்பு மையில் நானே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் பி-யின் 6.3-ஐயும் அடித்திருக்கிறேன். நோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கேளுங்கள், கொண்டுவருகிறேன். இனி ஆடிக் காத்தெல்லாம் ஓய்ந்து புரட்டாசியில்தான் மறுபடி தாராபுரம்.

— பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு